புண் ஆறிய பின்னும் ஆறாத நோவு

சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் இரு வகையான உழைப்பு உண்டு. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லை முதலிய தாழ்ந்த குன்றுப் பகுதிகளில் இறப்பர்ப் பால் வெட்டுகிறார்கள். பலாங்கொடை, இறக்குவானை முதலிய உயர்ந்த மலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கிறார்கள். பால் வெட்டுபவர் விடியுமுன் கத்தியும் வாளியுமாகப் புறப்படுகிறார். ஒரு நாளில் ஏறத்தாழ 300 மரங்கள் அவர் கைக்கு வரும். ஒவ்வொரு மரத்தின் முன்னும் இடுப்பை வளைத்து நின்று, பட்டையை மெல்லச் சீவி, அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணோ கூடையின் கயிற்றை உச்சந்தலையில் தாங்கிச் சரிவிலே நிற்கிறாள். பறிப்பன பஞ்சுபோன்ற இளந்தளிர்கள்தாம். ஆயினும் பல தோட்டங்களில் ஒரு நாட் கணக்கு 18 கிலோவும் 20 கிலோவுமாகும். அவ்வளவு பாரத்தையும் நிறுவையிடம் வரையில் கழுத்தும் தோளுமே சுமக்கின்றன.

இவ்வாறு பத்து ஆண்டோ இருபது ஆண்டோ உழைத்த ஒருத்தி ஒரு நாள் தோட்டத்து மருந்தகத்துக்கு வருகிறாள் என்று கொள்வோம். தோளிலே நோவு. வேலை நேரத்தில் மட்டுமன்று, இரவில் லயத்துக் காம்பராவில் படுத்திருக்கையிலும் நோவு. சேலைத் தலைப்புப் பட்டாலும் சுடுவதுபோல் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் வீக்கமில்லை. வெப்பமானி வைத்துப் பார்த்தால் காய்ச்சலில்லை. காயம் எதுவும் இல்லை. அப்படியானால் இந்த நோவு எங்கேயிருந்து வருகிறது? இக்கேள்விக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில் தோட்டத்து வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சபரகமுவ 1889ஆம் ஆண்டிலே தனி மாகாணமாயிற்று. அதன் மலைகளிலே தேயிலையும், 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்த நாற்றுக்களின் வழியே இறப்பரும் பரவின. தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டம் 1912இல் திருத்தி வகுக்கப்பட்டது. அக்காலத்து வைத்தியத்துக்குப் பெரும் பகையாய் நின்றவை கொள்ளை நோய்களும் கொக்கிப் புழுவும் காய்ச்சலுமாகும். 1934இலும் 1935இலும் பரவிய மலேரியாக் காய்ச்சல் கேகாலை மாவட்டத்தை எவ்வாறு வாட்டியது என்பதைப் பெரியவர் வாயிலாகக் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. அத்தகைய நாட்களில் உயிரைக் காப்பதே வைத்தியம். தோள்நோவைக் கேட்க யாருக்கு நேரமிருந்தது? இதைக் குறையாகக் கூறவில்லை. ஆயினும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறிய பின்னரும், காய்ச்சலையும் காயத்தையும் போல நோவு நம்பப்படவில்லை. காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு, காயத்தைக் கண் காணும். நோவுக்கோ நோயாளியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சியில்லை. சாட்சியில்லாத இடத்தில் ‘பாசாங்கு’ என்ற சொல் எளிதாக நுழைந்துவிடுகிறது.

அச்சொல் தோட்டத்திலே பிறந்ததன்று. அதன் பின்னே பழைய சித்தாந்தம் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு ஞானி டேக்காட் எழுதி, அவர் இறந்த பின் 1664இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நூலிலே ஒரு படம் உண்டு. ஒருவனது கால் நெருப்பின் அருகே இருக்கிறது. காலிலிருந்து மூளைவரை ஓர் இழை செல்கிறது. கோயில் மணியின் கயிற்றைக் கீழே இழுத்தால் மேலே மணி ஒலிப்பதுபோல, காலிலே சுட்டால் மூளையிலே நோவு எழுகிறதென்பது அவர் கருத்து. எளிய, அழகிய விளக்கம். ஏறத்தாழ 300 ஆண்டுகள் வைத்தியரின் மனத்தை ஆண்ட விளக்கம். ஆனால் அதற்குள்ளே ஒரு கொடுமையும் மறைந்திருந்தது. கயிற்றை இழுப்பவர் இல்லையெனில் மணி ஒலிக்கக் கூடாது. காயமில்லாமல் நோவு என்று ஒருவர் கூறினால், அவர் பொய் பேசுகிறார், அன்றேல் அவர் மனம் பேதலித்திருக்கிறது என்றே அந்தச் சித்தாந்தம் முடிவு கட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கயிற்றையே பிரித்துப் பார்க்க முற்பட்டனர். உடலுக்குக் கேடு செய்யும் தூண்டலை உணரவென்றே தனி நரம்பு முனைகள் உண்டென்று இங்கிலாந்தைச் சேர்ந்த ஷெரிங்டன் 1906இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் ஏர்லாங்கரும் காசரும் நரம்பிழைகளை அவற்றின் வேகத்தைக் கொண்டு பிரித்தனர். 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. மலைப்பாதையில் கல்லிலே காலை இடித்துக்கொண்டவர் எவரும் இவர்களுடைய கண்டுபிடிப்பைத் தாமே சோதித்திருப்பர். முதலில் ‘சுரீர்’ என்று ஒரு நோவு. ஓரிரு கணம் கழித்து, மெல்லப் பரவும் மந்தமான எரிவு. முன்னது உறை போர்த்த இழையில் விரைந்து வருவது. பின்னது உறையற்ற மெல்லிய இழையில் விநாடிக்கு ஒரு மீற்றர் அளவிலே, நாம் நடக்கும் வேகத்தில், ஊர்ந்து வருவது. நாட்பட்ட நோவில் பெரும்பங்கு வகிப்பவை இந்த மெல்லிய இழைகளே.

தோலின் நோவு இப்படி. தசையின் நோவு எப்படி? இங்கே நம் கண்டத்து அறிஞர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அவதார் சிங் பெயின்தால் 1925இல் பர்மாவின் மோகொக் நகரிலே பிறந்தவர். மோகொக் மாணிக்கக் கல்லுக்குப் பெயர்போன ஊர். பர்மாவுக்கு அது இரத்தினபுரி எனலாம். நுரையீரலில் அவர் கண்ட நரம்பு முனைகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றைவிடக் குறைவாகப் பேசப்படும் அவருடைய வேறோர் ஆய்வு 1960இல் வெளிவந்தது. பூனையின் தசைகளிலிருந்து வரும் மெல்லிய நரம்பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, தசையை அழுத்தும்போது அவற்றில் எழும் மின் துடிப்புகளை அவர் பதிவு செய்தார். அழுத்தத்தையும் அதன் நோவையும் உணரும் முனைகள் தசையினுள்ளேயே விரவிக் கிடக்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. கொழுந்துக் கூடையின் கீழே நசுங்கும் தோள்தசையின் முறைப்பாட்டுக்கு இவ்வாறு ஆய்வுகூடத்திலே முதற் சாட்சி ஒன்று கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் கயிறும் மணியும் இன்னும் விழவில்லை. அதை வீழ்த்தியவர்கள் கனடாவின் ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தின் பற்றிக் வோல் என்னும் இருவர். முள்ளந்தண்டினுள்ளே ஓடும் முண்ணாணில் ஒரு ‘படலை’ உண்டு என்று அவர்கள் 1965இல் அறிவித்தனர். மெல்லிய இழைகள் கொணரும் நோவுச் செய்தி அப்படலையைக் கடந்துதான் மூளையை அடைய வேண்டும். தடவுதல், நீவுதல் முதலியவற்றை உணரும் பருத்த இழைகள் படலையைச் சாத்தப் பார்க்கும். மூளையும் மேலிருந்து அதைத் திறக்கவோ சாத்தவோ வல்லது. இடித்துக்கொண்ட குழந்தையின் முழங்காலைப் பாட்டி எண்ணெய் தடவி நீவிவிடுகையில் அழுகை அடங்குவதன் காரணம் அன்பு மட்டுமன்று என்பதை உலகம் உணர்ந்தது. அவர்கள் தீட்டிய படத்தின் நுண்கூறுகள் பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும் நோவு வழிநெடுகிலும் கூட்டியும் குறைத்தும் ஆக்கப்படுவது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இனி வருவதுதான் நமது பெண்ணின் தோளுக்கு நேரே விடை சொல்லும் கட்டம். தென்னாபிரிக்காவில் பிறந்த கிளிஃபோட் வூல்ஃப், இலண்டனில் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வொன்றை 1983இல் வெளியிட்டார். எலியின் பாதத்திலே சூடுபட்ட பின், அதன் காலை இழுக்கும் நரம்புகள் முன்னரினும் எளிதாகத் துடித்தன. மெல்லத் தொட்டாலும் கால் துள்ளியது. இது புண்பட்ட இடத்தின் எரிச்சலால்தானே என்று நாம் நினைப்போம். வூல்ஃப் புண்பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்தார். அப்போதும் அந்த மிகையுணர்ச்சி முற்றாக நீங்கவில்லை! மாற்றம் பாதத்தில் மட்டும் இல்லை. முண்ணாணின் நரம்புக் கலங்களுக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டது. கயிற்றை இழுக்கும் கை நீங்கிய பின்னும் மணி ஒலிக்கலாம் என்பதற்கு இதைவிட வலிய சான்று வேறென்ன வேண்டும்?

கலம் என்பது உயிருடலின் மிகச் சிறிய செங்கல். ஒரு நரம்புக் கலம் அடுத்ததற்குச் செய்தி அனுப்புகையில் ஓர் இரசாயனப் பொருளைச் சிந்துகிறது. அடுத்த கலத்தின் மேற்பரப்பிலுள்ள ‘வாங்கி’ என்னும் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. நோவுச் செய்தி இடைவிடாது வந்து மோதினால், வழக்கமாக அடைபட்டிருக்கும் சில வாங்கிகள் திறக்கின்றன, கல்சியம் உட்புகுகிறது, கலம் தன் வாங்கிகளின் தொகையையும் கூர்மையையும் பெருக்கிக்கொள்கிறது. மாணவன் பாடத்தை மனனம் செய்வதற்கு உதவுகின்ற அதே பொறிமுறைதான் இங்கும் இயங்குகிறது. நோவையும் நரம்பு கற்றுக்கொள்கிறது. கற்றதை எளிதில் மறப்பதில்லை. சேலைத் தலைப்பு சுட்டதென்று அவள் கூறியது முற்றிலும் உண்மையாக இருக்கக்கூடும்.

நரம்புக் கலங்கள் மட்டுமல்ல, அவற்றைச் சூழ்ந்து காவல் புரியும் நுண்கலங்களும் இதில் பங்குகொள்கின்றன. நரம்பு நசுங்கிய எலிகளில், முண்ணாணிலுள்ள இக்காவற் கலங்கள் விழித்தெழுந்து நோவை நீடிக்கச் செய்வதை ஜப்பானியரான சூடா, இனொவே முதலியோர் 2003இல் காட்டினர். காவற் கலங்களை அடக்கினால் நோவு அடங்கும் என்று பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஒரு செய்தியைப் பலர் நோக்கவில்லை. நோவு ஆய்வுகளிற் பயன்பட்டவை பெரும்பாலும் ஆண் எலிகளே! கனடாவில் ஜெஃப்ரி மோகிலும் அவருடைய தோழர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளில் ஆணுக்கு நோவை நீடிப்பவை இக்காவற் கலங்கள் என்றும், பெண்ணில் அவற்றை அடக்கினாலும் நோவு தணிவதில்லை, குருதியின் வேறு வகைக் கலங்களே அங்குப் பொறுப்பேற்கின்றன என்றும் கண்டனர். நாட்பட்ட நோவு ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. அப்படியிருக்க, ஆண் எலியைக் கொண்டே பல்லாண்டுக் காலம் மருந்து தேடினார்கள். கொழுந்து மலைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதை எண்ணும்போது, இது ஆய்வுகூடத்து நுணுக்கம் மட்டுமன்று என்பது விளங்கும்.

இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி நமது அடுக்களையிலே இருக்கிறது. தோட்டத்து மக்கள் கொச்சிக்காய் என்று வழங்கும் மிளகாய் இந்நாட்டுக்குப் பழையதன்று. அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, போர்த்துக்கீசர் காலத்தில் கீழ்த்திசைக்கு வந்தது; அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். மிளகாய் என்ற பெயரே மிளகின் பெயரிலிருந்து வந்தது. கொச்சிக்காய் ஏன் எரிகிறது? அதில் உண்மையில் வெப்பம் ஏதுமில்லையே! ஹங்கேரி நாட்டு மிக்லோஸ் யான்சோவும் அவருடைய மாணவரும் மிளகாயின் சத்தாகிய கப்சாயிசின் நோவு நரம்புகளை முதலில் எரியச் செய்து, மீண்டும் மீண்டும் படுகையில் மரத்துப்போகச் செய்கிறது என்று கண்டிருந்தனர். அது நரம்பின் எந்த வாயிலைத் தட்டுகிறது என்பது மட்டும் தெரியாதிருந்தது.

கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் அதற்கு ஓர் உபாயம் செய்தார். நோவு நரம்புக் கலங்களில் இயங்கும் பரம்பரை அலகுகளை ஆயிரக்கணக்கில் பிரித்தெடுத்து, கப்சாயிசினை இயல்பில் உணராத கலங்களுக்குள்ளே பகுதி பகுதியாகப் புகுத்தினார்கள். எந்தக் கலம் கொச்சிக்காய்ச் சத்துப் பட்டதும் விழித்துக்கொள்கிறதோ, அதனுள்ளேதான் தேடும் அலகு இருக்க வேண்டும். வைக்கோற்போரில் ஊசி தேடிய இம்முயற்சி பலித்தது. 1997இல் அப்புரதம் வெளிப்பட்டது. அதே வாயில் ஏறத்தாழ 43 பாகை வெப்பத்திலும் திறக்கும் என்பது பெரும் வியப்பு. நாக்கு கொச்சிக்காயை நெருப்பென்று மயங்குவதன் காரணம் இதுவே. மேலும் ஒன்று: உடலில் அழற்சி உண்டானால் அவ்வாயில் தளர்ந்து, சாதாரண உடற்சூட்டிலேயே திறந்துவிடும். வெயில் சுட்ட முதுகிலே வெதுவெதுப்பான நீர் பட்டாலும் துடிக்கிறோமே, அது இதனால்தான்.

2002இல் ஜூலியஸும், பெய்ரூட்டிலே பிறந்த ஆர்மேனியரான பட்டபூட்டியனும் தனித்தனியே குளிர்ச்சிக்குரிய வாயிலைக் கண்டனர். மென்தோல் தட்டுவது அதைத்தான். லயத்துக் காம்பராக்களில் தலைமாட்டிலே சிறு குப்பியாக இருக்கும் தைலங்களின் குளிர்ச்சிக்கு அப்போதுதான் முறையான விளக்கம் கிடைத்தது. அழுத்தத்தை உணரும் வாயில்களைப் பட்டபூட்டியன் 2010இல் கண்டார். இருவரும் 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கேகாலை மாவட்டத்தில் விளையும் கராம்பின் எண்ணெய் பல்நோவை மரக்கச் செய்வதும் நரம்பின் இத்தகைய வாயில்களை அடக்குவதனாலேயே. நம் பாட்டிமார் கண்டது தவறன்று. ஆனால் அது தோலின் எல்லையிலே நின்றுவிடும் வைத்தியம். முண்ணாணிலே வேரூன்றிய நோவை ஒரு குப்பித் தைலம் எவ்வாறு பெயர்க்கும்?

அப்படியானால் இவ்வளவு அறிவும் மருந்தாக மாறியதா? இங்கேதான் வரலாறு தயங்கித் தயங்கி நடக்கிறது. பாகிஸ்தானின் வட பகுதியில், கத்தியைக் கையிலே குத்தியும் தணலின்மேல் நடந்தும் தெருவிலே வித்தை காட்டிய சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு நோவென்பதே தெரியாது. பதினான்கு வயது நிரம்புமுன், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவினரை ஆராய்ந்தவர்கள், நோவு நரம்பில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு வாயில் அவர்களிடம் பிறப்பிலேயே பழுதுபட்டிருந்ததை 2006இல் வெளியிட்டனர். அவ்வாயிலை மருந்தால் அடைத்துவிட்டால் போதும் என்று பல கம்பனிகள் முனைந்தன. முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. நரம்பு வளர்ச்சிப் பொருளொன்றைத் தடுக்கும் வேறொரு மருந்து மூட்டு நோவைத் தணித்தது. ஆனால் சிலருக்கு மூட்டுகளே விரைவாகச் சிதைந்தமையால் 2021இல் கைவிடப்பட்டது. நோவின் காவலை நீக்கினால் உறுப்புக்கு வரும் கேட்டை அந்தச் சிறுவனின் கதையிலேயே கண்டோமல்லவா? அபினி வழிவந்த மாத்திரைகளைத் தாராளமாக வழங்கிய அமெரிக்காவிலோ, அவை எத்தனை குடும்பங்களை அழித்தன என்பதை உலகம் அறியும்.

2025 ஜனவரியில் சுசெட்ரிஜின் என்னும் புது மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன் சொன்ன வாயிலின் உடன்பிறப்பான மற்றொரு சோடிய வாயிலை அது அடைக்கிறது. அபினியைப் போல் மூளையை மயக்குவதில்லை. ஆனால் அந்த அனுமதி சத்திர சிகிச்சை முதலியவற்றால் புதிதாக எழும் நோவுக்கே உரியது. இடுப்பு நரம்பு நசுங்கியதால் வரும் நாட்பட்ட கால்நோவில் சோதித்தபோது, மருந்துண்டவர்க்கும் வெறும் மாத்திரை உண்டவர்க்கும் நோவு ஏறக்குறைய ஒரே அளவிலேயே குறைந்ததாக 2024 டிசெம்பரில் அறிவித்தனர். இது சிந்திக்க வேண்டிய செய்தி. புதிய நோவும் பழைய நோவும் ஒரே பெயரில் வழங்கினும், கலத்தின் மட்டத்தில் அவை இரு வேறு நோய்கள். இன்று நாட்பட்ட நரம்பு நோவுக்கு வைத்தியர் தருபவை பெரும்பாலும் மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் என்று முதலில் செய்யப்பட்ட மாத்திரைகளே. அவையும் சிலருக்குக் கைகொடுக்கின்றன, சிலருக்கு இல்லை. படிப்படியாகக் கூட்டும் தேகப்பயிற்சிக்கும் பயன் உண்டு.

மருந்தைவிட விரைவாக மாறியிருப்பது வைத்தியத்தின் ஏடுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவு தனக்கென ஓர் இடமும் எண்ணும் பெற்றது. அதுவரை அது பெரும்பாலும் வேறொரு நோயின் நிழலாகவே எழுதப்பட்டு வந்தது. நோவு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் தனது வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, தமக்கு நோவு என்று ஒருவர் கூறினால் அக்கூற்று மதிக்கப்படல் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிற்று. மருந்தகத்தின் வாயிலிலே நின்ற அந்தப் பெண்ணின் வாய்ச்சொல், ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்குப் பின், சாட்சியாக ஏற்கப்பட்டுள்ளது.

கலங்களை ஆராய்ந்தவர்கள் கூறும் இன்னொன்று தோட்டத்துக்கு மிக அணுக்கமானது. விழித்துக்கொண்ட நரம்பு மீண்டும் அடங்க ஓய்வான இடைவேளை வேண்டும். ஆறுமுன் மீண்டும் மீண்டும் தூண்டினால் அந்த விழிப்பு நீடிக்கிறது. அவளோ நாளைக் காலை பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். இரவில் விழுங்கிய மாத்திரை முண்ணாணிலே ஒரு படலையைச் சாத்தப் பார்க்கையில், ஏழரை மணிக்கெல்லாம் அதே தோளில் அதே கூடை ஏறிவிடுகிறது.